மஜ்முவாவா, ஷமாமாவா?

அத்தருக்குப் பேர்போன உத்தரப்பிரதேச ஊரான கன்னோஜின் அத்தர் வாங்க நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுமே கலவை, இரண்டையும் நான் பூசுகிறேன்.

மணம்: மஜ்முவாவில் வெட்டிவேர், தாழம்பூ, கடம்பம், மழைமண் வாசம் தரும் மண் அத்தர் நான்கும் சேர்கின்றன. பூசியதும் தாழம்பூ தூக்கலாக இருக்கும். அது அடங்கியபின் ஈர வெட்டிவேர் மெல்ல மேலே வரும். எனக்கு அந்த இரண்டாம் கட்டம்தான் உயிர்.
ஷமாமாவில் ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், சடாமாஞ்சில், ஏன், நம் பிரியாணிக் கல்பாசிகூட உண்டு. முதலில் நாட்டு மருந்துக்கடை நெடி அடிக்கும். கொஞ்சம் பொறுத்தால் இனிப்பான மரவாசனையாகக் கனியும்.

நிலைப்பு: மஜ்முவா மதியத்துக்குள் மங்கிவிடும். ஷமாமா மறுநாளும் சட்டைக் காலரில் இருக்கும்.

கறை: ஷமாமா அடர்நிறம், வெள்ளை வேட்டிக்கு ஆகாது.

விலை: சந்தன எண்ணெயில் வடித்தது என்றால் இரண்டுமே விலைதான். மலிவானதில் பெரும்பாலும் லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெய் இருக்கும்.

சென்னை வெயிலுக்கும் அலுவலகத்துக்கும் மஜ்முவா. மார்கழிக் குளிருக்கும் கல்யாண வீட்டு இரவுக்கும் ஷமாமா. ஒரு சொட்டு போதும். முதல்முறை அத்தர் பூசுபவர் மஜ்முவாவில் தொடங்குங்கள், அப்புறம் ஷமாமாவுக்குப் போகலாம்.