கையால் தாளம் வாசிக்கும் ஒரு சேலத்துக் குழு: மெல்லிசை ரசிகரின் மதிப்புரை

சேலத்தில் திருமண வரவேற்புக்கோ கோயில் விழாவுக்கோ மெல்லிசைக் குழு ஒன்றை அமர்த்த நினைப்பவர்கள், எத்தனை பாடகர்கள் வருவார்கள் என்று கேட்பதற்கு முன்னால், தாளம் வாசிக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்மாப்பேட்டையைச் சேர்ந்த ஒரு குழுவைப் பல ஆண்டுகளாக மேடை மேடையாகத் தேடிச் சென்று கேட்டு வருகிறேன். அண்மையில் என் தங்கை மகளின் திருமண வரவேற்பு ஏற்காட்டில் நடந்தபோது, வேறு யாரையும் யோசிக்காமல் அவர்களையே அழைத்தேன். ரசிகனாகக் கேட்டதையும், பணம் கொடுத்து அமர்த்தியவனாகக் கண்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆடி மாதத்தில் சேலத்தின் குகைப் பகுதியிலும் அம்மாப்பேட்டையிலும் மேடைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு யாரென்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

முழுக் குழுவாக வந்தால் டிரம்ஸ், தபலா, டோலக், கையால் தட்டும் உயரமான தும்பா, மின்னணுத் தாளக் கருவியான ரிதம் பேட் என்று தாளத்துக்கு மட்டும் ஐந்து பேர் அமர்கிறார்கள். இரண்டு கீபோர்டு, ஒரு லீட் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு புல்லாங்குழல், நான்கு பாடகர்கள், ஒரு தொகுப்பாளர், ஒலிகளைக் கலந்து அளவைச் சரிசெய்யும் மிக்ஸரில் ஒருவர் என்று வேன் நிறைந்துவிடும். இன்றைக்கு இப்படி ஒரு குழுவை நடத்துவது எளிதன்று. லேப்டாப்பில் மைனஸ் ட்ராக்கை, அதாவது பாடகர் குரல் இல்லாத பதிவிசையை, ஓடவிட்டு இரண்டு பாடகர்களை நிறுத்தினால் பாதிச் செலவில் நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது; வரவேற்புக்கு வருபவர்களில் பலர் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வேறுபாட்டைக் கவனிப்பதும் இல்லை. ஆனால் மேடைக்கு அருகில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வேறுபாடு முதல் பாட்டிலேயே, பெரும்பாலும் விநாயகர் மீதான பாட்டு முடிவதற்குள்ளேயே, விளங்கிவிடும். ட்ராக் யாருக்காகவும் நிற்காது. பாடகர் ஒரு சங்கதியை இன்னும் ஒருமுறை பாட விரும்பினாலும், கூட்டம் கைதட்டிப் பல்லவியைத் திரும்பக் கேட்டாலும், அது தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும்.

இதை நான் மிக அருகிலிருந்து பார்த்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். குகையில் ஆடித் திருவிழா மேடை ஒன்றில், குழுவுக்குப் புதிதாக வந்திருந்த இளம் பாடகி, இரண்டாவது இடையிசை முடிவதற்கு முன்பே சரணத்தைத் தொடங்கிவிட்டார். புல்லாங்குழல்காரர் தம்முடைய வரியின் நடுவில் இருந்தார். டோலக் வாசிப்பவர் தலையைத் தூக்கி டிரம்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். டிரம்மர் அந்தச் சுற்றை அங்கேயே ஓர் உருட்டலில் முடித்துச் சரணத்தின் நடைக்கு மாறினார். பேஸ் கிட்டார் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொண்டது. குழலோ தொடங்கிய வரியைக் கைவிடாமல் பாடகியின் முதல் சொற்களுக்குக் கீழே மெதுவாக முடித்துக் கொடுத்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. பாடகிக்குத் தெரிந்தது, அடுத்த பாட்டில் அவர் குரல் இன்னும் தெளிவாக வந்தது. இந்தக் குழுவுக்கு நான் ரசிகனாக இருப்பதற்குக் காரணம் இத்தகைய இடங்கள்தான்.

இவர்களுடைய பேஸ் கிட்டார்காரரைத் தனியாகக் குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. 1980களின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதோடு நிற்பதில்லை, பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான குழுக்களில் கீபோர்டு வாசிப்பவரின் இடக்கை அதை ஒப்பேற்றிவிடுகிறது. இங்கே ஒருவர் அதை வரி வரியாக எடுத்து, இழுத்து, வழுக்கி வாசிக்கிறார். சிறிய நிகழ்ச்சிகளுக்குச் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் அவரைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள். அது தவறான சிக்கனம். பாடகர்களில் ஒருவரைக் குறைத்துக்கொண்டாவது அவரை அழைத்து வரச் சொல்லுங்கள்.

சேலத்துக்கு இசை கேட்கும் பழக்கம் நேற்று வந்ததன்று. 1930களின் நடுவில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த ஊரில் இருந்துகொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது, ஜி. ராமநாதன் போன்ற பெரும் இசையமைப்பாளர்கள் அந்த நிறுவனத்தின் படங்களுக்கு இசையமைத்தார்கள். இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் இந்த ஊரின் தாள உணர்வுக்கு அதைவிடப் பழைய ஊற்று ஒன்று உண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டியது முதல் ஊரின் மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் பம்பையும் உடுக்கையும் மேளமும் ஓய்வதில்லை. கடவுளர் வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் குகையின் வண்டி வேடிக்கையைப் பார்க்க ஊரே திரள்கிறது. இந்தக் குழுவில் தும்பா வாசிப்பவர் பம்பை வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். திரையிசைப் பாட்டுக்கு வாசிக்கும்போதும் அவர் விரல்களில் அந்த அடி வந்துவிடும். அது வரும் இடத்தில் முன்வரிசையில் இருக்கும் வயதான பெண்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி ஏற்காட்டு வரவேற்பு. மாலை ஐந்து மணிக்கெல்லாம் குழு வந்து சேர்ந்துவிட்டது. ஆறு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்த தோல் கருவிகள், ஈரக் காற்றுப் பட்டதும் சுருதி இறங்கிவிட்டன. மணமக்கள் மேடைக்கு வரும் நேரம் நெருங்குவதைப் பார்த்து நான் அவசரப்பட்டபோது, டோலக் வாசிப்பவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே, “அண்ணா, ஒரு பத்து நிமிஷம் குடுங்க, தோல் தொங்கிப்போச்சு, இப்படியே அடிச்சா தகரம் மாதிரி கேட்கும்” என்றார். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் காதருகே தட்டிப் பார்த்துச் சரிசெய்தார். பக்கத்தில் தபலாக்காரர் சிறு சுத்தியலால் விளிம்பைத் தட்டியும் வாருக்கு அடியிலிருந்த கட்டைகளைத் தள்ளியும் தமது சுருதியை மீட்டுக்கொண்டிருந்தார்.

புல்லாங்குழலின் சிக்கல் வேறு. குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதன் சுருதி இறங்கும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால், அரைச்சுரத்தை நூறு பங்காக்கி அதில் ஏறத்தாழ மூன்று பங்கு இறங்கும் என்பது இயற்பியல் கணக்கு. அடிவாரத்துக்கும் மலைக்கும் அன்று மாலை பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஊதும் மூச்சின் சூடு ஓரளவு ஈடுகட்டினாலும் மீதி காதுக்குத் தெரிந்தது. கீபோர்டோ மலையானாலும் சமவெளியானாலும் ஒரே சுருதியில் நிற்கும் கருவி. குழல்காரர் தம்முடைய குழல்களைச் சால்வைக்குள் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக ஊதிச் சூடேற்றினார். அப்படியும் சேராததால், கீபோர்டு வாசிப்பவர் தமது கருவியின் அடிப்படைச் சுருதியை 440 ஹெர்ட்ஸிலிருந்து 437க்கு இறக்கினார். இரண்டாவது கீபோர்டும் கிட்டார்களும் அதற்கு ஏற்பச் சுருதி மாற்றிக்கொண்டன. யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நிகழ்ச்சி கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. தொடங்கிய பிறகு ஒரு சுரம்கூட உறுத்தவில்லை. மலையில் விழா வைப்பவர்கள் இந்தக் கால் மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும்.

குறைகளில் பெரியது ஒலி அளவு. சமவெளியின் மண்டபங்களில் ஒலிபெருக்கிகளைப் பெரும்பாலும் மண்டபத்தோடு தொடர்புள்ள ஒப்பந்தக்காரரே வைக்கிறார், மிக்ஸரை மேடையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு, மேடையில் இருப்பவர்களுக்காக வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியின் சத்தம்தான் கேட்கும், கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்று தெரியாது. பாடகர் கை காட்டும்போதெல்லாம் குரலை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஏற்ற ஏற்றத் தாளக் கருவிகளின் நுட்பம் மறைந்து, கடைசியில் எக்கோவும் இரைச்சலுமே மிஞ்சுகின்றன. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் மூன்றாவது வரிசையில் அமர்ந்து கைப்பேசிச் செயலியில் பார்த்தபோது 100 டெசிபலைத் தொட்டது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்பது தொழில்சார் உடல்நல ஆய்வாளர்கள் வகுத்த அளவு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் அமரும் ஊரில் இதைச் சிறு குறையாக ஒதுக்க முடியாது. ஏற்காட்டில் நாங்கள் மிக்ஸரைக் கூட்டத்தின் நடுவில், நாற்காலிகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னோம். குழுவின் சொந்த ஆளே அதில் அமர்ந்தார். குரலும் குழலும் டோலக்கும் தனித்தனியாகக் கேட்டன, பந்தியில் இருந்தவர்கள் கத்தாமல் பேசிக்கொள்ளவும் முடிந்தது. இதை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் குழுவே வற்புறுத்த வேண்டும். நாம் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது குறை தொகுப்பாளர். நல்ல குரல், நல்ல தமிழ். ஆனால் அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்களை இடையிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசிக்கிறார். குழல்காரர் ஒரு வாரம் பயிற்சி செய்த பகுதி அந்தப் பெயர்களுக்கு அடியில் போய்விடுகிறது. பாட்டு முடிந்த பிறகு வாசித்தால் கொடுத்தவருக்கும் குறைவில்லை. அதோடு, இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்பதால், ஆறரைக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சியை ஏழரைக்குத் தொடங்கி, பாட்டுக்குப் பாட்டு ஐந்து நிமிடம் பேசினால், ரசிகர்கள் காத்திருக்கும் கடைசிப் பாடல்கள்தான் வெட்டுப்படுகின்றன. புதிய பாடல்களுக்கு மட்டும் முன்பே பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடல்களின் மின்னணு ஒலிகளைக் கையால் கொண்டுவர முடியாது என்பதால் அதை நான் குறையாகக் கருதவில்லை.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஆடி மேடைகள் இல்லாமல் போனபோது இந்தக் குழுவினர் பட்ட துன்பத்தை ரசிகர்களாகிய நாங்கள் நேரில் கண்டோம். டிரம்மர் ஆட்டோ ஓட்டினார், கீபோர்டு ஒன்று விலைக்குப் போனது. எங்களால் முடிந்த அளவு மளிகைச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தோம். மேடைகள் திரும்பியபோது அந்தக் கீபோர்டுக்குப் பதிலாக இன்னொன்று வாங்கப் பணம் திரட்டினோம். இப்போதும் ஆடியில் எந்தத் தெருவில் என்றைக்கு இவர்களுடைய மேடை என்று ஒருவருக்கொருவர் சொல்லி, முன்கூட்டியே போய் நிற்கிறோம். மேடைக்கு முன்னால் இருபது பேர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு நின்றால் வாசிப்பு மாறுகிறது. மேடையில் இருப்பவர்களே எங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அமர்த்த விரும்புவோர்க்குச் சில விவரங்கள். ஆடியில் திருமணங்கள் இல்லாததால் அந்த மாதம் முழுவதும் கோயில் மேடைகளுக்குப் போய்விடுகிறது. ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நல்லது. வேன் வாடகையும் ஒலி அமைப்பும் பேசிய தொகைக்குள் அடங்குமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். மலைக்கு அழைத்தால் வேன் வாடகை கூடும். அட்வான்ஸ் ரசீதில் எத்தனை கலைஞர்கள், எந்தெந்தக் கருவிகள் என்று எழுதி வாங்குங்கள்; இவர்கள் தயங்காமல் எழுதித் தருகிறார்கள், எழுதியபடியே வருகிறார்கள். நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுற்றிக் கருவிகளை ஏற்றுவதற்குள் பந்தி முடிந்துவிடுவதால், குழுவினருக்கு இரவுச் சாப்பாட்டை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், அல்லது பதினாறு இலைகளைத் தனியாக நிறுத்தி வையுங்கள். மீதித் தொகையை வேன் கிளம்புவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள்.