தங்கச்சிமடத்து உப்புக்காற்றில் இரும்புக் கட்டில்: 19 வருஷ அனுபவம்

ராமேஸ்வரம் தீவில் இருக்கிறது எங்கள் தங்கச்சிமடம். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு மட்டும்தான். கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். இந்தக் கரையில் இரும்புக் கட்டில் தாங்குமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தாங்கும், ஆனால் எந்தக் கட்டில் என்று பார்த்து வாங்க வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று 2006-ல் என் கல்யாணத்துக்கு அப்பத்தா கொடுத்த பழைய கட்டில். இன்னொன்று 2015-ல் மகளுக்காக வாங்கிய பைப் கட்டில்.

பைப் கட்டிலை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கறுப்பு பெயின்ட், பளபளப்பு, ஒரே ஆள் தூக்கிவிடலாம். மூன்றாவது வருஷம் கால்மாட்டு மூலையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. 2019 ஐப்பசியில் ஒரு ராத்திரி மகள் உட்கார்ந்ததும் ஒரு கால் மடங்கிவிட்டது. நல்லவேளை, அடிபடவில்லை. வெல்டிங் பட்டறை அண்ணன் குழாயை அறுத்துக் கவிழ்த்தார். கைப்பிடி அளவு செந்தூள் கொட்டியது. "தங்கச்சி, இது உள்ளேயிருந்து தின்னிருக்கு. குழாய் வாயை மூடாம விட்டுருக்காங்க, உப்புக்காத்து உள்ளயே குடியிருந்திருக்கு. தகடும் காகிதம் மாதிரி இருக்கு, பத்த வச்சா ஓட்டைதான் விழும்" என்றார். பழைய இரும்புக்கடைக்குப் போனது.

பழைய கட்டிலில் குழாயே கிடையாது. கால்கள் கெட்டிக் கம்பி, பக்கச் சட்டம் கனமான ஆங்கிள், குறுக்கே இரும்புப் பட்டைகள். நட்டு போல்டு ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு வார்ப்பு; அது கட்டில் காலில் இருக்கிற பள்ளத்துக்குள் மேலிருந்து இறங்கி உட்காரும். ஆள் படுக்கப் படுக்க இன்னும் இறுகும். பிரிக்க வேண்டுமானால் கீழிருந்து மரச்சுத்தியலால் இரண்டு தட்டு போதும். தலைமாட்டில் கம்பிகள் சேருகிற இடமெல்லாம் ஒரு பூ இருக்கும். வெறும் அலங்காரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கம்பிகளைச் சேர்த்து அச்சுக்குள் வைத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்களாம். அது இறுகிப் பூவாகிறது, அந்தப் பூதான் மூட்டு. தண்ணீர் நுழைய அங்கே இடுக்கே இல்லை.

இந்த மாதிரி வேலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் பேர்போன ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1851-ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் அந்த ஊர்ப் பட்டறைகள் உலோகக் கட்டில்களை வைத்தன. இரும்புக் கட்டில் பரவியதற்கு முக்கியக் காரணம் மூட்டைப்பூச்சி. மரக்கட்டிலின் பொருத்துகளில் அது முட்டையிட்டு அண்டிக்கொள்ளும். அப்பத்தா தன் வீட்டு மரக்கட்டிலை வெயிலில் போட்டு, கொதிநீர் ஊற்றி, காலைத் தரையில் தட்டித் தட்டி உதிர்த்த கதையைச் சொல்லுவார். ஆஸ்பத்திரிகள் இரும்புக்கு மாறியதும் இதனால்தான். நோயாளிக்கு இரும்புக் கட்டில்தான் சரி, காற்று மெத்தைவரை போய்வர வேண்டும், ஓரத்தில் துணி தொங்கக் கூடாது என்று 1859-ல் வந்த தன் புத்தகத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். எங்கள் வீட்டில் 19 வருஷத்தில் கட்டிலில் ஒரு மூட்டைப்பூச்சிகூடக் கண்டதில்லை. கரையானுக்கும் வேலையில்லை.

ஆனால் கவனிக்காமல் விட்டால் இதுவும் போய்விடும். எறும்புக்குப் பயந்து ஒரு வருஷம் நாலு காலுக்கும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தேன். ஆறு மாசத்தில் பாதங்கள் அடுக்கடுக்காக உரிந்தன. அதற்குப் பிறகு காலுக்கடியில் ரப்பர் துண்டுதான்.

பெயின்ட் அடிக்கிற விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், உப்பைக் கழுவாமலே அடிக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த அந்தப் புயலில் எங்கள் வீட்டுக் கூரை போய், கட்டில் ராத்திரி முழுக்க உப்புத் தூறலில் கிடந்ததாம். மறுநாள் குடிக்கத் தண்ணீர் தட்டுப்பாடாக இருந்தும் அப்பத்தா ஒரு குடம் நல்ல தண்ணீரை இதற்குச் செலவழித்துக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசினாராம். அவர் செய்ததுதான் சரி. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உப்பின் மேலேயே பெயின்ட் அடித்தால் அது அடியில் இருந்துகொண்டு ஈரம் உறிஞ்சிக் கொப்புளமாக எழும்பும். அதனால் பங்குனியில், காற்று மாறுவதற்கு முன், முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவுகிறேன். காய்ந்ததும் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், துடைத்து ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, ஒரு நாள் விட்டு எனாமல் இரண்டு கோட்டு. பட்டை சட்டத்தோடு சேரும் அடிப்பக்கத்தைப் படுத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். துரு ஆரம்பிப்பது அங்கேதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி, நடுவில் மாசம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பு. பாம்பனிலும் இதே பாடுதான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு, ரயில் ஓடிய காலம் முழுக்கப் பெயின்ட் வேலை ஓய்ந்ததே இல்லை. 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் முழு வெல்டிங் இணைப்பும் போட்டிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. அகலம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூட, இன்றைய மெத்தை எதுவும் அளவாக உட்காராது. பலகை வெட்டிப் போட்டேன். இடம் மாற்ற இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். புரண்டால் பட்டை கீச்சென்று கத்தும். சைக்கிள் டியூபை வெட்டி, பட்டை உரசுகிற இடங்களில் செருகியதும் அது நின்றது. சித்திரையில் மொட்டைமாடியில் போட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கும் கை வைக்க முடியாது, எட்டு மணிக்கு மேல்தான் படுக்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் சட்டத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். கணகணவென்று டப்பா சத்தம் வந்தால் தகடு மெலிசு. குழாயாகவே இருந்தாலும் எல்லா நுனியும் வெல்டிங் வைத்து மூடியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி போதாது. எங்கள் மகள் இப்போது அப்பத்தா கட்டிலில்தான் தூங்குகிறாள். வரும் பங்குனியில் நீலம் அடிக்கச் சொல்லியிருக்கிறாள்.