மருத்துவ கவுன்சிலா, நுகர்வோர் ஆணையமா? நான் ஏன் இரண்டாவதைப் பிடித்தேன்

அப்பாவுக்கு பென்சிலின் ஆகாது. அட்மிஷன் போடும்போதே சொன்னோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தார்கள். இரண்டாம் நாள் இரவு அதே வகை ஊசியைப் போட்டார்கள். நான்கு நாள் ஐசியூ. பிழைத்து வந்துவிட்டார். அந்த ஐசியூ பில்லையும் எங்கள் தலையிலேயே கட்டினார்கள் என்பதுதான் கொடுமை.

பணம் முக்கியமில்லை, இன்னொரு நோயாளிக்கு இப்படி நடக்கக் கூடாது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். அதற்கென்றே இருப்பது மாநில மருத்துவ கவுன்சில். ஆனால் நான் போனது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு.

தெரிந்த வித்தியாசங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கவுன்சில் டாக்டரை எச்சரிக்கலாம், மருத்துவம் பார்க்க உரிமை தரும் டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. ஆணையம் இழப்பீடு வாங்கித் தரும். டாக்டரின் பதிவைத் தொட முடியாது. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. சிகிச்சை எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மருந்து எழுதியவர் டூட்டி டாக்டர், ஊசி போட்டவர் நர்ஸ், இரவு வார்டில் ஆள் போதாமல் விட்டது நிர்வாகம். மருத்துவ கவுன்சில் டாக்டரை மட்டும்தான் கேட்கும். நர்ஸுக்கு வேறு கவுன்சில். நிர்வாகம் இரண்டிலுமே வராது. ஆணையத்தில் எல்லோரையும் ஒரே மனுவில் சேர்த்துவிடலாம்.

சரி, இதெல்லாம் சில்லறை. என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: தோற்றால் அப்புறம் எங்கே போவது?

கவுன்சிலில் நீங்கள் வழக்காடுபவர் இல்லை, தகவல் கொடுத்தவர். அதற்குப் பிறகு விஷயம் கவுன்சிலுக்கும் டாக்டருக்கும் இடையில் போய்விடுகிறது. 2002-இல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளில், முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்று பின்னால் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 30-ஆம் பிரிவில், அந்த உரிமையை டாக்டருக்கு மட்டும்தான் சொல்கிறது. அதைக் காட்டியே நோயாளிகளின் மேல்முறையீடுகள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு. அதற்கு வக்கீல் வைக்க என்னால் ஆகாது. பொதுமக்களைக் காப்பதற்காக ஏற்பட்ட இடத்தில் பொதுமக்களில் ஒருவருக்கு நாற்காலி இல்லை!

ஆணையத்தில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதில் மனு என் கைக்கு வந்தது. சிவப்பு மை எழுத்தை டூட்டி டாக்டர் பார்க்கவில்லை என்று அதில்தான் முதல்முறையாக ஒப்புக்கொண்டார்கள். மருத்துவமனையில் ஒரு வாரம் நடையாய் நடந்தும் கிடைக்காத பதில் அது. தோற்றிருந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையம், அதற்கு மேலும் படிகள் உண்டு. தவறான சிகிச்சையால் இறந்துபோன அனுராதா சாஹாவின் வழக்கை நினைத்துப் பாருங்கள். மாநில மருத்துவ கவுன்சில் டாக்டர்கள் மீது தவறில்லை என்றது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2006-இல் தள்ளுபடி செய்தது. ஆனாலும் மேலே ஒரு கதவு இருந்ததால் கணவர் குணால் சாஹா உச்ச நீதிமன்றம் போனார். 2009-இல் அலட்சியம் உறுதியானது. 2013-இல் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு. எல்லோருக்கும் அந்தப் பிடிவாதமும் காலமும் வாய்க்காது என்பது வேறு விஷயம்.

காலக்கெடுவையும் பார்க்க வேண்டும். ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போயாக வேண்டும். கவுன்சில் முடிவு வரட்டும், அந்தத் தாளை வைத்து வழக்குப் போடலாம் என்று காத்திருந்தால் அந்த 2 ஆண்டு கரைந்துவிடும். கவுன்சில் 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதி உண்டு, ஆனால் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்த என் சித்தப்பா மகன் மூன்றாவது வருடமாகக் காத்திருக்கிறான்.

எதற்கும் முன்னால் கேஸ் ஷீட் நகலைக் கேட்டு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மேலே சொன்ன அதே 2002 விதி. அந்த முதல் பக்கம் இல்லாவிட்டால் எங்களிடம் எதுவுமே இல்லை.

கவுன்சில் எதற்குமே உதவாது என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது. போலிச் சான்றிதழ், நோயாளியை அனுப்பி வைக்க வாங்கும் கமிஷன், குடித்துவிட்டு டூட்டி, நோயாளியிடம் தகாத நடத்தை, இவற்றில் கேட்க இழப்பீடு பெரிதாக இருக்காது. பதிவேட்டில் கை வைப்பதுதான் சரியான மருந்து. என் வழக்கு எளிமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகாது என்று எழுதியதைக் கொடுத்தார்கள், நிபுணர் வந்து விளக்கத் தேவையில்லை. ஆபரேஷனில் நடந்த பிழை மாதிரி வாதத்துக்குரிய விஷயங்களுக்கு என் அனுபவம் பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

ஐசியூ பில்லும் அதற்கு மேல் ஒன்றரை லட்சமும் தரச் சொல்லி உத்தரவு வந்தது. பணத்தைக் கட்டியது மருத்துவமனையின் காப்பீட்டு நிறுவனம். போன மாதம் அப்பாவின் பழைய ரிப்போர்ட் வாங்கப் போனேன். அதே டாக்டர், அதே இரவு டூட்டி. வீட்டுக்கு வந்து, உத்தரவின் நகலை இணைத்து கவுன்சிலுக்கும் ஒரு புகார் அனுப்பினேன்.