லிஸ்பனில் ஒரே நாள்: அல்ஃபாமாவா, பெலேமா?

தனியாகப் போகிறீர்கள், நடந்தேதான் சுற்றுவீர்கள் என்றால் என் ஓட்டு அல்ஃபாமாவுக்கே. 1755 நிலநடுக்கத்தில் லிஸ்பனின் பெரும்பகுதி தரைமட்டமானபோது ஓரளவு தப்பிய பழைய பகுதி இது. அதனால் சந்துகள் இன்றும் இஷ்டத்துக்கு வளைந்து, திடீரென்று படிக்கட்டாகி, கடைசியில் யாரோ வீட்டு வாசலில் போய் முட்டி நிற்கும், தலைக்கு மேலே கொடியில் காயும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டும். வழி தவறினாலும் பயமில்லை, இறங்கிக்கொண்டே இருந்தால் தேஜோ ஆறு வந்துவிடும். ஆனால் ஏற்றம் முழங்காலைப் பதம் பார்க்கும். தேய்ந்து பளபளக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தரையோ லேசான தூறலுக்கே சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்போடு போன நான் நடுத்தெருவில் உட்கார்ந்தேவிட்டேன்.

பெலேம் நேர்மாறு. நகர மையத்திலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர், ஆற்றோரமாகச் சமதளம், வழி தவற வாய்ப்பே இல்லை. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கே ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. சரி, பார்க்க வேண்டியதுதான். ஆனால் வரிசை நீளம், நிழல் குறைவு. 1837 முதல் அங்கே விற்கும் முட்டைக் கஸ்டர்ட் டார்ட்டை மட்டும் விடாதீர்கள், பட்டைத்தூள் தூவிச் சூடாக இரண்டு.