ஹார்ட் டிஸ்க் 'ரா' என்று காட்டினால்: டெஸ்ட்டிஸ்க்கோடு சில வருடங்கள்

தம்பி கல்யாணப் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவனுடையது, அவன் சிநேகிதர்களுடையது என்று பார்ட்டிஷன் (டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கப் பிரித்த பகுதி) கெட்டுப்போன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். அதனால் உள்ளே மாட்டிய ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேர்கள் பலவற்றைப் பார்த்தாயிற்று. ஸ்கேன் செய்து ஃபைல் பட்டியலை ஆசையாகக் காட்டிவிட்டு, எடுக்கப் போகும் நேரத்தில் பணம் கேட்பவை நிறைய. டிஸ்க் நன்றாக இருந்து பார்ட்டிஷன் மட்டும் போயிருந்தால் இன்றைக்கும் நான் முதலில் திறப்பது டெஸ்ட்டிஸ்க்தான். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, ஜிபிஎல் உரிமம், முழுக்க இலவசம்.

காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ இந்தக் கோளாறு வரலாம். அடுத்த முறை செருகியதும் "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் சொல்லும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ரா' (உள்ளே என்ன அமைப்பு என்று புரியவில்லை) என்று நிற்கும். பார்த்தவுடன் எல்லாம் போச்சு என்றுதான் தோன்றும். ஆனால் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதுவோ, பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருக்கும் பூட் செக்டரோ கெட்டால் போதும், உள்ளே இருக்கும் லட்சம் போட்டோவும் அப்படியே இருக்க, அங்கே போகும் வழி மட்டும் விண்டோஸுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் அந்த ஃபார்மட் பெட்டியில் கேன்சல் மட்டும் கொடுங்கள். யாராவது விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் என்ற பழுது பார்க்கும் கருவியை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் அதுவும் இப்போது வேண்டாம். ஃபைல் சிஸ்டத்தை (எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை) ஒழுங்குக்குக் கொண்டுவருவது மட்டுமே அதன் நோக்கம், அதற்காக டிஸ்க்கிலேயே எழுதும், உங்கள் ஃபோல்டர்களைக் கலைத்து வேறு பெயரில் ஓர் ஓரமாகக் குவித்துவிடவும் கூடும்.

அப்புறம், டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். டக் டக் என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், அது எந்த சாஃப்ட்வேராலும் ஆகாத வேலை. சத்தம் இல்லையென்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைப்பது) பார்ப்பேன். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை பூஜ்யம் என்றால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற காப்பிக் கருவியை வைத்து முழு டிஸ்க்கையும் வேறொரு பெரிய டிஸ்க்கில் இமேஜாக (அப்படியே ஒரு நகலாக) எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப்ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நொடிக்கு 100 எம்பி கிடைத்தால்கூட 1 டிபிக்கு ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகும், கெட்ட செக்டர் இருந்தால் இரவு முழுக்கப் போகும். அந்தப் பொறுமைதான் டேட்டாவைக் காப்பாற்றுகிறது.

டெஸ்ட்டிஸ்க்குக்கு மவுஸ் இல்லை, கறுப்புத் திரையில் அம்புக்குறி விசைகள்தான். பலர் இதைப் பார்த்தே ஓடிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, இன்டெல் வகையா (எம்பிஆர்தான்), ஜிபிடியா (புதிய பார்ட்டிஷன் முறை) என்று அது சொல்வதை ஒப்புக்கொண்டு, அனலைஸ், குயிக் சர்ச். பழைய பார்ட்டிஷன் ஒரு வரியாக வந்து நிற்கும், அதன்மேல் 'பி' விசையை அழுத்த வேண்டும். முகூர்த்தம், ரிசப்ஷன், ஆல்பம் ஃபைனல் என்று ஃபோல்டர்கள் வைத்த பெயரோடு வரிசையாக வரும்போது கிடைக்கிற ஆறுதலைச் சொல்லி முடியாது. சரி, பார்ட்டிஷன் கிடைத்துவிட்டதே என்று உடனே 'ரைட்' (டிஸ்க்கில் எழுது) கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலிலேயே 'ஏ' அழுத்தினால் எல்லாம் தேர்வாகும், பெரிய 'சி' அழுத்தினால் வேறு டிஸ்க்குக்குக் காப்பி ஆகும். எல்லாவற்றையும் எடுத்து, நாலு போட்டோவைத் திறந்து பார்த்த பிறகு எழுதலாம், எழுதாமலும் விடலாம். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் பூட் செக்டர் மட்டும் போயிருந்தால் இன்னும் எளிது, அதன் நகல் பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும், அட்வான்ஸ்டு பகுதியில் போய் அதைத் திரும்பப் போடலாம்.

இதிலும் கிடைக்காவிட்டால் கூடவே வரும் போட்டோரெக். ஃபைல் சிஸ்டத்தையே பார்க்காமல், ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் அடையாளத்தை வைத்துத் தேடும். போட்டோக்கள் நன்றாகவே வரும். ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போய்விடும், துண்டு துண்டாகச் சிதறிய பெரிய வீடியோக்கள் ஓடாமல் போகலாம். தம்பி வேலைக்கு அது பாதி உதவிதான். எக்ஸிஃப் தேதியை (கேமரா போட்டோவுக்குள் பதித்துவைப்பது) வைத்து எந்தக் கல்யாணம் என்று பிரிப்பதிலேயே நாள்கணக்கில் போய்விடும்.

இன்னொன்று, டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாகக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாட்டா இணைப்பில் மாட்டினால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். கேபிளோ யுஎஸ்பி போர்டோ கெட்டிருந்தால் சில நேரம் சரியாகவும் செய்யும். ஆனால் சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 பைட்டாகக் காட்டுபவை. அப்படிப்பட்டதில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் கணக்கு எட்டு மடங்கு மாறி, நல்ல பார்ட்டிஷன்கூடக் கெட்டதுபோலத் தெரியும். சில பெட்டிகளில் போர்டே டேட்டாவை என்கிரிப்ட் செய்கிறது, அது இல்லாமல் டிஸ்க்கைப் படித்தால் வெறும் குப்பைதான் வரும். ஆகவே டிஸ்க்கை யாரிடம் கொடுத்தாலும் அதன் பெட்டியையும் கேபிளையும் சேர்த்தே கொடுங்கள்.