ஸ்டெம் செல் என்று சொல்லி என் ரத்தத்தையே சுற்றி என்னிடம் விற்றார்கள், மூன்று மாதச் சம்பளம் போச்சு

கரைந்துபோன எலும்பை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) வைத்து வளர்த்துத் தருகிறோம், ஆடுகிற பல் தானாக இறுகிவிடும் என்று எந்தப் பல் கிளினிக்காவது உங்களிடம் சொன்னால் பணத்தைக் கட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நேற்று சாயங்காலம்தான் எனக்கு முழு விஷயமும் தெரிய வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். போனது என் மூன்று மாதச் சம்பளம். முழுச் சம்பளம், பிடித்தம் போகக் கைக்கு வருவது அல்ல.

கிளினிக்கின் பெயரைப் போடப்போவதில்லை. நிறைய கிளைகள் வைத்திருக்கிற, குட்டி வீடியோக்களில் சிரித்த முகமாக விளம்பரம் வருகிற ரகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரகம் ஒன்றிரண்டு அல்ல.

எனக்கு ஈறு நோய். பல் தேய்க்கும்போது ரத்தம் வரும், கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று நாக்கால் தள்ளினால் லேசாக அசையும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைக் கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளப்பார்கள், 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பயமில்லை, எனக்கு அந்தப் பல்லில் 7 காட்டியது. அதாவது வேரைப் பிடித்திருந்த எலும்பு கீழே இறங்கிவிட்டது. இதற்கு முன் பார்த்த டாக்டர் ஆழமாகச் சுத்தம் செய்து, கொஞ்ச நாள் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றார். எடுத்துவிடலாம் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் நான் அந்த விளம்பரத்தைத் தட்டினேன்.

அங்கே போனதும் எக்ஸ்ரேயைப் பெரிய திரையில் போட்டு, பேனா முனையால் எலும்பின் விளிம்பை மெதுவாக வரைந்து காட்டினார் அந்த டாக்டர். அவசரமே இல்லை அவருக்கு. கையில் கண்ணாடியைக் கொடுத்து என் ஈறை எனக்கே காட்டினார். அப்புறம் சொன்னார், "பல்லைப் பிடுங்கச் சொல்றவங்கதான் மேடம் ஜாஸ்தி, பிடுங்கினா இம்பிளான்ட்னு எலும்புல பதிக்கிற செயற்கைப் பல் விக்கலாம்ல. நான் உங்க பல்லைக் காப்பாத்தப் பார்க்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் மூன்று மாதச் சம்பளம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. காசு பிடுங்குகிறவர்களைப் பற்றி நம்மிடமே புகார் சொல்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது?

அதோடு நிற்கவில்லை. தன் போனில் ஒரு செய்தியைக் காட்டினார். ஜப்பானில் பல் முளைக்க வைக்கும் மருந்து, மனிதர்களிடம் சோதனை ஆரம்பம் என்று. "உலகம் அங்க போயிட்டிருக்கு மேடம், நாங்களும் அதே டெக்னாலஜிதான்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். செய்தி நிஜம். அதுதான் வயிற்றெரிச்சலே. கியோட்டோ ஆராய்ச்சியாளர்கள் யூஎஸ்ஏஜி-1 என்ற புரதத்தைத் தடுக்கிற ஒரு மருந்தை எலிகளிலும் ஃபெர்ரெட் என்ற கீரி மாதிரி விலங்கிலும் கொடுத்துப் புதுப் பல் முளைப்பதைக் காட்டி 2021-ல் கட்டுரை போட்டார்கள், 2024-ல் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. ஆனால் அது பிறவியிலேயே சில பற்கள் முளைக்காமல் போனவர்களை மனதில் வைத்துச் செய்கிற வேலை, முதல் கட்டத்தில் பார்ப்பதே ஆளுக்கு ஆபத்து இல்லையா என்பதைத்தான். ஈறு நோயில் கரைந்த எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இதெல்லாம் நேற்றுத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தலைப்பும் படமும் அவர் சொன்னதோடு அப்படியே பொருந்தின, நானும் பணத்தைக் கட்டிவிட்டேன். ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், தள்ளுபடி போகத்தான் மூன்று மாதச் சம்பளம்.

சிகிச்சை நாளன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்கும் இதேதான் நடக்கும். கை நரம்பில் ஊசி போட்டு நாலைந்து கண்ணாடிக் குழாய் ரத்தம் எடுத்தார்கள். உடனே அதை ஒரு மிக்ஸி சைஸ் சுழல் மெஷினில் வைத்து மூடினார்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அது விர்ரென்று சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே எடுத்தபோது குழாயின் அடியில் கறுஞ்சிவப்பு, மேலே தண்ணீராகத் தெளிவு, நடுவில் வெளிர் மஞ்சளில் வழவழப்பாக ஒரு கட்டி. டாக்டர் அதை இடுக்கியால் தூக்கி, வால் மாதிரி ஒட்டியிருந்த சிவப்பைக் கத்தரித்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுதான் மேடம் உங்க ஸ்டெம் செல்." நான் போட்டோகூட எடுக்கச் சொன்னேன், எடுத்தும் கொடுத்தார்கள். அந்தக் கட்டியை ஒரு ஸ்டீல் பெட்டியில் வைத்து அழுத்தி மெல்லிய தோல் மாதிரி ஆக்கி, ஈறைத் திறந்து உள்ளே வைத்துத் தையல் போட்டார்கள்.

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. தையல் பிரித்து, வீக்கம் வற்றிய பிறகு பல் பழையபடி ஆடியது. ரத்தமும் வந்தது.

இனி வருவது பதில்களின் வரிசை. முதலில் "எலும்பு வளர டைம் ஆகும் மேடம், ஆறு மாசம், ஒன்பது மாசம்கூட ஆகும்." இதில் பாதி உண்மை, எக்ஸ்ரேயில் எலும்பு தெரிய மாதக்கணக்கில்தான் ஆகும், அதனால் நானும் காத்திருந்தேன். அப்புறம் "டாக்டர் கான்ஃபரன்ஸ்ல இருக்காரு." அப்புறம் அந்த டாக்டர் வேறு கிளைக்கு மாறிவிட்டார், புது டாக்டருக்கு என் கேஸ் தெரியாது. வாட்ஸ்அப்பில் பதில் போட்டுக்கொண்டிருந்தவர் டாக்டரே அல்ல, பேஷன்ட் ரிலேஷன்ஸ் என்று ஒரு பதவியாம். நான் நாலு வரி எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்று வரும். கடைசியில் "சிலருக்கு பாடி ரெஸ்பான்ட் பண்ணாது மேடம், சர்க்கரை டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது, சிகிச்சைக்கு முன்னாடி அவர்களே எடுத்த ரிப்போர்ட் அவர்கள் ஃபைலிலேயே இருக்கிறது.

ரொம்பச் சத்தம் போட்ட பிறகு புது எக்ஸ்ரே எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பாருங்க, எலும்பு ஏறியிருக்கு. ஏறித்தான் இருந்தது! நான் சந்தோஷத்தில் நன்றிகூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவில் அந்த இரண்டு படத்தையும் காட்டினேன். அங்கிருந்த டாக்டரம்மா, வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். "இது வேற கோணம்மா. பக்கத்துப் பல்லுல அடைச்சிருக்கீங்களே, அந்த ஃபில்லிங்கைப் பாருங்க" என்றார். பழைய படத்தில் நீளமாக இருந்த அதே ஃபில்லிங் புதிய படத்தில் குறுகிக் குட்டையாக இருந்தது. என் பல்லும் குட்டையாகத்தான் தெரிந்தது. எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் மேலே சாய்த்தாலோ கீழே சாய்த்தாலோ பல் நீண்டும் குறுகியும் விழும், எலும்பின் விளிம்பும் அதோடு ஏறி இறங்கும். ஃபில்லிங் வளராது, சுருங்காது, அது ஒன்று போதும் கண்டுபிடிக்க. அப்புறம் கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளந்தார், உதவியாள் எண்களைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதினார். அந்தப் பல்லுக்கு வந்ததும் 7. அதே 7. அந்தக் கிளினிக்கில் சிகிச்சைக்கு அப்புறம் ஒருவர்கூட இந்தக் கம்பியைத் தொடவில்லை, ஏன் என்று இப்போது புரிகிறது.

மஞ்சள் கட்டி போட்டோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி. அதன் பெயர் பி.ஆர்.எஃப்., சொந்த ரத்தத்தைச் சுற்றினால், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற புரதமும் சேர்ந்து கட்டியாகிற பொருள். பிரான்ஸில் 2001-ல் வந்தது. கெட்ட பொருள் அல்ல, புண் ஆற உதவும், எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்து சுற்றிலும் சுவர் மிச்சமிருக்கிற இடத்தில் வைத்தால் ஓரளவு பலனும் உண்டு என்றார். கல்லூரியிலேயே செய்கிறார்களாம், கட்டணத்தைச் சொன்னார், எனக்கு அதைக் கேட்டதும்தான் நிஜமாகவே அழுகை வந்தது. எனக்கோ எலும்பு குழியாக இல்லாமல் மட்டமாகவே குறைந்திருக்கிறது. அந்த மாதிரிக் குறைவை நம்பி வளர்த்துக் கொடுக்க இன்றைக்கு எந்த வழியும் இல்லையாம். முதல் எக்ஸ்ரேயிலேயே அது தெரிகிறது என்றார். அதாவது பேனா முனையால் எனக்கு வரைந்து காட்டிய அதே கோட்டில்!

ஸ்டெம் செல் என்பது பொய்யா என்று கேட்டேன். பொய் இல்லை. பல்லுக்குள் இருக்கும் சதையில் அந்த வகை செல்கள் இருப்பதை 2000-ல் கண்டுபிடித்தார்கள், விழுகிற பால் பல்லில் 2003-ல், பல்லையும் எலும்பையும் இணைக்கிற நாரில் 2004-ல். சீனாவில் நோயாளியின் சொந்தப் பல் நாரிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து ஈறுக்குள் வைத்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்து இல்லை, ஆனால் செல் வைக்காமல் எலும்புத் துகள் மட்டும் வைத்தவர்களோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமும் இல்லை. ஆராய்ச்சி நடத்துகிறவர்களே இப்படி நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார்கள், இங்கே குட்டி வீடியோவில் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அவர் சொன்ன இன்னொரு விஷயம்: அந்தச் செல்களைத் தனி ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்த பிறகுதான் வைக்க முடியும். ரத்தம் எடுத்த அதே மணி நேரத்தில் ஸ்டெம் செல் தயார் என்பதே கதை.

வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தேன். "மேம்பட்ட ஈறு புதுப்பித்தல் பேக்கேஜ்" என்று இருக்கிறது. ஸ்டெம் செல் என்ற சொல் பில்லில் இல்லை. கையெழுத்து வாங்கிய படிவத்தில் ரத்தத் தட்டணுச் செறிவு என்று பொடி எழுத்தில், பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று அதைவிடப் பொடியாக. ஸ்டெம் செல் என்பது வாயால் மட்டும் சொன்னது, விளம்பரத்தில் மட்டும் வந்தது. ராத்திரியே போன் போட்டேன். மேனேஜர் என்று ஒருவர் வந்தார், "மேடம், நாங்க எழுத்துல எங்கயும் அப்படிப் போடலையே" என்றார், குரலில் ஒரு சின்ன திருப்தி. பணம் திரும்ப வராதாம், வேண்டுமானால் பாதியை இம்பிளான்ட் கணக்கில் கழித்துக்கொள்வார்களாம். பல்லைக் காப்பாற்றுகிறேன் என்று ஆரம்பித்தவர்கள்! மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு, அதே பல்லைப் பிடுங்குவதற்கு எனக்குச் சலுகை தருகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தெம்பு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வாயால் சொல்கிற சிகிச்சையின் பெயரைப் பில்லிலும் படிவத்திலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டெம் செல் என்றால் எந்த ஆய்வகத்தில், எத்தனை வாரம் வளர்த்தது, அதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். என் எலும்பு மட்டமாகக் குறைந்திருக்கிறதா, குழியாகக் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கம்பியால் அளந்த எண்களை வாங்குங்கள், எக்ஸ்ரேயை மட்டும் நம்பாதீர்கள், ஃபில்லிங்கைப் பாருங்கள். ஒரே தவணை தள்ளுபடி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் எக்ஸ்ரே ஃபைல்களையும் சண்டை ஆரம்பிக்கும் முன்னாடியே வாங்கிவிடுங்கள். நான் அந்தச் சர்க்கரை ரிப்போர்ட்டை இன்று காலையில் கேட்டேன், "சிஸ்டம் அப்டேட் ஆகுது மேடம்" என்கிறார்கள். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதே மாதிரி அந்த மஞ்சள் கட்டியைக் காட்டி ஸ்டெம் செல் என்று யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் பில்லின் படத்தோடு எனக்குத் தனியே எழுதுங்கள், சேர்த்தே கொடுப்போம்.