14,800 ரூபாய், மூன்று வெள்ளை டப்பா: ஆபீஸ் வைஃபைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

திருப்பூரில் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. மொத்தம் ஆறு பேர். ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி ஒவ்வொரு மாதமும் நெருங்கினால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டோம். இந்த மாதம் பார்த்து 16-ஆம் தேதி வைஃபை படுத்துக்கொண்டது. முன் அறையில் ஓடுகிறது, பின் அறையில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. லைன் கொடுத்தவர்கள், "எங்க பக்கம் சரியா இருக்குங்க சார், பிரச்சினை உங்களுக்கு உள்ளதான்" என்றார்கள். அது உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

ப்ளம்பர், எலக்ட்ரீஷியன் அனுப்பும் வகைச் செயலி ஒன்றில் 17-ஆம் தேதி காலை பதிவு செய்தேன். வந்து பார்க்க 299 ரூபாய். ஒரு மணி நேரத்தில் பையன் வந்துவிட்டான். செருப்பை வெளியே விட்டான். ரவுட்டர் மேல் இருந்த தூசியைத் தன் கர்ச்சீப்பால் துடைத்தான். டீ கொடுத்தால், "வேலை முடியட்டுங்ணா" என்றான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

அப்புறம் போனில் ஒரு படம் காட்டினான், மலை மலையாகக் கோடுகள். "பாருங்ணா, இந்தக் காம்ப்ளக்ஸ்ல பதினேழு வைஃபை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. உங்க ரவுட்டர் தாங்காது. மெஷ் போட்டாத்தான் நிக்கும்." மெஷ் என்றால் பல டப்பாக்கள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுவது. அவன் சொன்னது பாதி உண்மைதான். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல், அதாவது பாதை, 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஆனால் அதற்கு மருந்து சேனலை மாற்றுவது, இல்லையென்றால், ரவுட்டரில் வசதி இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் போவது. இரண்டுக்கும் காசு கிடையாது. இது அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்?

வேலையை ஆரம்பிக்க ஓடிபி வேண்டும் என்றான், கொடுத்தேன். மெஷ் என்று மூன்று வெள்ளை டப்பாவை எடுத்து மாட்டினான். டப்பாவுக்குச் செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் சேரும், நேராக ஜிபே பண்ணினால் 14,800-க்கு முடித்துத் தருகிறேன் என்றான், அனுப்பினேன். பில் கேட்டேன். ஒரு சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தான். ஜிஎஸ்டி எண் இல்லை. கிளையண்டுகளுக்கெல்லாம் எஸ்டிமேட் சீட்டு வாங்காதீர்கள் என்று தினமும் பாடம் எடுக்கிறவன், வாயை மூடிக்கொண்டு மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசம். மூன்று சிஸ்டத்தில் நெட் இல்லை, பிரிண்டரைக் காணவில்லை. அவனுக்குப் போன் போட்டால் முதல் நாள் "வண்டில இருக்கேங்ணா", இரண்டாம் நாள் "அது செட்டாக ரெண்டு நாள் ஆகும்", மூன்றாம் நாள் ரிங் போய்க்கொண்டே இருந்தது. செயலிக்காரர்களின் சாட்டில், "நீங்கள் ஓடிபி கொடுத்ததால் வேலை திருப்திகரமாக முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. வெளியில் செலுத்திய தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல." ஆரம்பிக்க என்று வாங்கிய ஓடிபி, முடித்து வைக்கும் ஓடிபியாம். அந்த 299-ஐயாவது கொடுங்கள் என்றேன். புகாரையே மூடிவிட்டார்கள்.

ரிட்டர்ன் எல்லாம் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டோம். ஒருவருடையது மட்டும் 21-ஆம் தேதிக்குத் தள்ளிவிட்டது. தாமதக் கட்டணம் 50 ரூபாய், நானே கட்டினேன். தொகை பெரிதில்லை, அவரிடம் போய்ச் சொன்னதுதான் கஷ்டம்.

கடைசியில் இன்ஜினியரிங் படிக்கும் என் தம்பி மகன் வந்து பார்த்தான். நெட்டில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கிடைக்கும் எண்தான் ஐபி முகவரி. அது சில சிஸ்டத்தில் 192.168.1 என்று ஆரம்பிக்கிறது, சிலதில் 192.168.0 என்று. "பெரியப்பா, ரவுட்டரும் ஐபி கொடுக்குது, இந்த டப்பாவும் கொடுக்குது" என்றான். ஒரே தெருவுக்கு இரண்டு பேர் கதவு எண் எழுதினால் தபால் என்ன ஆகும்? டப்பாவில் இந்த ஐபி கொடுக்கிற டிஹெச்சிபி என்ற வசதியை அணைக்காமலே கேபிளைக் குத்திவிட்டுப் போயிருக்கிறான். அது மெஷ்ஷும் இல்லை. 2.4 மட்டும் ஓடும் சாதா ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டப்பா, கம்பெனி பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். கடையில் ஒன்று ஆயிரம், ஆயிரத்து இருநூறுதான் இருக்குமாம். மூன்றுக்கு 14,800!

சரி, முதலில் ஏன் நெட் போனது? 15-ஆம் தேதி ஃபைல் வைக்கப் புது ஸ்டீல் பீரோ வாங்கி, நேராக ரவுட்டருக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம். இரும்பு சிக்னலைத் தடுக்கும். பீரோவை நான்கு அடி நகர்த்தினோம், டப்பாக்களைக் கழற்றினோம், சேனலை மாற்றினோம். இருபது நிமிடம். இப்போது பின் அறையிலும் ஓடுகிறது. 14,800 ரூபாய் பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. வேலை முடிந்து ஒரு நாள் ஓடின பிறகுதான் ஓடிபி. செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஆளைக் கூப்பிடும் முன் ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் குத்திப் பாருங்கள்; அதில் நெட் ஓடினால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வைஃபையில். புதிதாக என்ன நகர்த்தினோம் என்று யோசியுங்கள். எஸ்டிமேட் சீட்டு வாங்காதீர்கள், நான் சொல்வதற்கு யோக்கியதை இல்லை என்றாலும்.

மீதி அப்புறம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அரை மணி நேரமாக முயற்சி செய்துகொண்டிருந்தேன், இப்போதுதான் லைன் கிடைத்திருக்கிறது.